ஆன்ட்டியின் ஜெபக்குறிப்பு நோட்டு

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேதபாடக் குழுவை எந்த முறையில் நடத்தலாம் என்று என்னிடம் கேட்டார்கள்.

2. நான் மூன்று முறைகளைச் சோதித்துப் பார்த்து, அட்டவணை போட்டு, மூன்றாவதைப் பரிந்துரைத்தேன்.

3. மூன்றாவது முறை நன்றாக நடந்தது.

4. அது நன்றாக நடந்ததால், ஒரு பெண் அதுவரை எங்கள் ஊரில் எவரிடமும் சொல்லாத ஒன்றை எங்களிடம் சொன்னாள்.

5. ஆன்ட்டி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

6. பத்தொன்பது நாள் கழித்து, அந்தப் பெண் யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தாளோ அவன் அவளுடைய கம்பெனி கேட்டில் வந்து நின்றான்.

இரண்டாவது என் வேலை. அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தது ஐந்தாவதைப் பற்றி.

ஆன்ட்டி என்று மட்டும்தான் எழுதுவேன். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பெயரைச் சொன்னால் அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். அதன் பிறகு பேச்சு எப்படிப் பரவும் என்பதை நான் அவரிடமிருந்தே தெரிந்துகொண்டேன்.

2003இல் அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். குள்ளம், பருமன், வேகமான நடை. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கையில் பழுப்பு அட்டை போட்ட நீளமான கோடு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நான்கு பத்தி பிரித்திருப்பார்: தேதி, பெயர், காரியம், பதில். யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை இல்லை, வரன் அமையவில்லை என்றால் முதல் மூன்று பத்திகளை நீலத்தில் நிரப்புவார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றும் நாளில் நான்காவது பத்தியில் ஒரு சிவப்பு டிக் விழும். டிக் போட்ட பிறகு நோட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு முறை பார்ப்பார்.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். பிழையைக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும், திருத்தினார்களா என்று பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் மூட வேண்டும். அந்த நோட்டை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஆன்ட்டி மேல் மரியாதைதான் வந்தது. எங்கள் டீமில்கூட இவ்வளவு சுத்தமாகப் பதிவு வைப்பவர் கிடையாது.

அந்த நோட்டு எப்படி வேலை செய்கிறது என்பது அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் தெரிந்தது. அப்பாவுக்கு மூலம். அம்மா அதை ஆன்ட்டியிடம் மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிற ஒருவர் அப்பாவின் தோளில் கை வைத்து, "பிரதர், இப்ப உக்கார முடியுதா?" என்று கேட்டார். அப்பா அதன் பிறகு ஒரு மாதம் தமிழ் ஆராதனைக்கே வரவில்லை. இங்கிலீஷ் சர்வீஸில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது என் முறை. ஒரு வரன் பேசி, தட்டிப்போயிருந்தது. மீன் கடையில் நிற்கிறேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலப்படாதம்மா. உனக்குன்னு ஒருத்தன வெச்சிருப்பாரு. புதன்கிழமை புதன்கிழமை உனக்காக உக்காந்து ஜெபிச்சிக்கினுதான் இருக்கோம்."

"நீங்க யாருன்னு தெரியலையேங்க."

"நீ என்ன பாத்ததில்லம்மா. எனக்கு உன்ன நல்லா தெரியும்."

மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்னா மேடம், இன்னும் ஷாதி ஆவலியா?" என்றார் மிகுந்த அக்கறையுடன்.

அன்றைக்கே ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். "என் பேர எதுக்கு ஆன்ட்டி சொன்னீங்க? ஒரு சகோதரிக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"பேரு சொல்லாம ஜெபிச்சா எப்படி கண்ணு? விலாசம் இல்லாத லெட்டர் போய்ச் சேருமா?"

"ஆண்டவருக்கு என் விலாசம் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். ஜெபிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே தட்டில் ரோஸ் குக்கீஸ் எடுத்து வைத்தார். "சாப்பிடு. மூஞ்சப் பாரு, பேஜாராயிட்ட."

சாப்பிட்டேன். அம்மாவுக்கு டைஃபாய்டு வந்தபோது பதினோரு நாள் காலையும் மாலையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? அதுதான் அவரிடம் எல்லோருக்கும் இருந்த சிக்கல். அவர் சமைத்ததைச் சாப்பிடாதவர் எங்கள் சபையில் இல்லை.

அவர் இப்படிச் சொல்லி அனுப்புவதை ஜெபச் சங்கிலி என்பார்கள். அவர் இரண்டு பேருக்குப் போன் செய்வார். அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்குச் செய்வார்கள். வெளியூர்களிலும் கண்ணிகள் உண்டு. அவருடைய நாத்தனார் வட ஆற்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெளியூருக்கு எஸ்.டி.டி. போன் மலிவு என்பதால் அன்றைக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு வாசித்துக் காட்டுவார். பெயர், ஊர், வேலை, காரியம் எல்லாம்.

அந்த நோட்டில் ஒரு பெயர் மட்டும் வந்ததில்லை. ஆன்ட்டியின் ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். "நேத்துதான் பேசினான், குளிருதாம்" என்பார் ஆன்ட்டி. அவனோடு படித்த ஒருவன் எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தான். மகன் போன் நம்பரை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, புது நம்பரை வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்று அவன் மூலம் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேதபாடக் குழு ஞாயிறு மதியம் மூன்றரைக்கு ஆன்ட்டி வீட்டு ஹாலில் கூடும். ஒன்பது பத்துப் பேர். அதுவரை பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மகளோடு இருக்க அவர் ஹூப்ளிக்குப் போய்விட்டதால் பொறுப்பு ஆன்ட்டிக்கு வந்தது.

"நான் பெருசா படிச்சவ இல்ல கண்ணு. நீதான் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ற வேலை செய்ற. இத எப்படி நடத்தலாம்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லு" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வாரம் என்று ஒதுக்கினேன்.

முதல் முறை சொற்பொழிவு. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பது. மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடினார்கள். ஜெபிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டோம், ஒருவர் குறட்டை விடும் வரை.

இரண்டாவது கேள்வித்தாள். பகுதியைப் படித்துவிட்டு எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் அந்த மூன்று பேரைப் பார்த்து எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரீட்சை போல, வியர்த்து, கடைசியில் வெற்றுத் தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். அவளை இங்கே சாந்தி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் அல்ல.

சாந்தியைக் குழுவுக்குக் கூட்டி வந்தவர் ஆன்ட்டிதான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவளை, யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டார். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை என்று தெரிந்ததும், தெரிந்தவர் மூலம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே நல்ல பி.ஜி. விடுதி ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்தார். சாந்திக்கு இருபத்து நான்கு வயது. எட்டாவது வரை படித்தவள். இரண்டு பஸ் மாறி வருவாள். என்னை அக்கா என்பாள்.

மூன்றாவது முறையை அவளை மனதில் வைத்துத்தான் வகுத்தேன். வட்டமாக உட்கார வேண்டும். பகுதியை ஒருவர் இரண்டு முறை சத்தமாக வாசிப்பார். ஒரு நிமிடம் மௌனம். பிறகு ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு வார்த்தையையோ வரியையோ எடுத்துப் பேசலாம். விதிகள் நான்கு: மூன்று நிமிடத்துக்கு மேல் கூடாது. குறுக்கே பேசக் கூடாது. யாரும் யாரையும் திருத்தக் கூடாது. பேச விருப்பம் இல்லாதவர் "பாஸ்" என்று சொல்லலாம், வற்புறுத்தாமல் அடுத்தவரிடம் போக வேண்டும்.

அட்டவணையில் மூன்றாவது முறைக்கு நான் போட்ட மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ஐந்தாவதாக ஒரு விதி எழுதியிருக்க வேண்டும்: இங்கே பேசியது இந்த ஹாலைத் தாண்டக் கூடாது. எழுதவில்லை. ஆபீஸில் எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவள் நான். அப்பாவின் மூலத்தையும் மீன் கடையையும் பார்த்தவள் நான். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. வேதபாடம்தானே என்று நினைத்தேன்.

முறை வேலை செய்தது. வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். அந்த முறை தொடங்கிய ஆறாவது வாரம், எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிவந்து வனாந்தரத்தில் தண்ணீர் ஓரமாக இருந்த ஓர் அடிமைப்பெண்ணைப் பற்றிய பகுதியை எடுத்தோம். கர்த்தருடைய தூதன் அவளிடம், எங்கேயிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று கேட்கிறான். நாங்கள் எல்லோரும் பலமுறை கேட்ட கதை. சாந்தியின் முறை வந்தது. அதுவரை ஐந்து வாரமும் பாஸ் சொன்னவள்.

"அவர் ரெண்டு கேள்வி கேக்குறாரு இல்ல... அவ ஒண்ணுக்குத்தான் பதில் சொல்றா" என்றாள். "எங்கேருந்து ஓடியாந்தேன்னு சொல்லிட்டா. எங்க போறேன்னு சொல்லல." விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, "தெரிஞ்சாத்தானே சொல்லுவா" என்றாள்.

நான் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். ஆமாம். பேங்க் அங்கிளின் இத்தனை வருடச் சொற்பொழிவில் ஒருவரும் கவனிக்காத ஒன்று.

பிறகு அவள் நிறுத்தவில்லை. வட ஆற்காட்டில் அவள் புருஷன் வீடு. அவன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவான். கோபம் வந்தால் சூடான அயர்ன் பாக்ஸை எடுப்பான். சபையில் அவனுக்கு நல்ல பெயர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவன். இரண்டு முறை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். இரண்டு முறையும் அண்ணனே கொண்டுபோய் விட்டான். மூன்றாவது முறை யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் பஸ் ஏறினாள்.

"எங்கண்ணனுக்குக்கூட நான் இங்க இருக்கிறது தெரியாது. தெரிஞ்சா இன்னொரு வாட்டி கொண்டுபோய் விட்டுடுவாரு. இந்தத் தடவ போனா, உயிரோட வர மாட்டேன்."

என் கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. ஆன்ட்டி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜமான அழுகை. பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து நீலப் பேனாவை எடுத்தார். நான் அதைப் பார்த்தேன். அப்போது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: என் முறை ஜெயித்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஆபீஸ் நம்பருக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து அழைப்பு. "அக்கா, அவன் வந்துட்டான். கேட்டுல நிக்கிறான்." அவ்வளவுதான் பேசினாள். ஓசூர் ரோட்டில் ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார். "புருஷன்றான் மேடம். கையில பைபிள் வெச்சிக்கினு நிக்கிறான். ஒரு கெட்ட வார்த்த இல்ல, ஒண்ணுல்ல. எப்படித் தொரத்துறது?"

ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. கூட அவன் ஊர்ப் பாஸ்டரும் சாந்தியின் அண்ணனும். என்னைப் பார்த்ததும் கை கூப்பினான்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க சபையில எல்லாரும் எங்களுக்காக ஜெபிக்கிறீங்களாமே. ரொம்ப நன்றி."

பெயர், கம்பெனி, பி.ஜி. எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆன்ட்டியின் நாத்தனார் போனில் கேட்டு எழுதிக்கொண்டதைத் தன் ஊர்ச் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் அப்படியே வாசித்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

கம்பெனியில் சூப்பர்வைசர், குடும்பப் பிரச்சினையை முடித்துவிட்டு வேலைக்கு வா என்றார். பி.ஜி. நடத்துகிறவர், இந்த ரகளை எல்லாம் வேண்டாம், இந்த வாரத்தோடு காலி செய் என்றார். நான் சாந்தியைத் தனியே அழைத்து, "எங்க வீட்டுக்கு வா" என்றேன்.

"உங்க வீடும் ஆன்ட்டிக்குத் தெரியும் அக்கா" என்றாள்.

ஞாயிறு மதியம் மூன்றரைக்கு ஆன்ட்டி வீட்டு ஹாலில் சமாதானக் கூட்டம். அதே நாற்காலிகள். அதே வட்டம். ஆன்ட்டி என்னைப் பார்த்து, "நம்ம முறையிலயே பேசிக்கலாம் கண்ணு, அதுதான் நல்லா இருக்கு. ஆளுக்கு மூணு நிமிஷம்" என்றார்.

பாஸ்டர் பேசினார். அண்ணன் பேசினான். புருஷன் பேச ஆரம்பித்து அழுதான். அவன் அழுததும் ஹாலில் இரண்டு பேர் அழுதார்கள். சாந்தியின் முறை வந்தது. எதிரே அவன். இந்தப் பக்கம் அண்ணன்.

"சொல்லும்மா, நம்ம குரூப்தானே" என்றார் ஆன்ட்டி.

சாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "பாஸ்" என்றாள்.

பாஸ் சொன்னவரை வற்புறுத்தக் கூடாது என்பது நான் எழுதிய விதி. அவர்கள் வற்புறுத்தவில்லை. அடுத்தவரிடம் போனார்கள்.

நான் எழுந்து நின்றேன். "அவ போக வேணாம். அவளுக்குப் போக இஷ்டமில்ல. அன்னிக்கு இதே எடத்துல சொன்னாளே, எல்லாரும் கேட்டீங்களே?"

"சிஸ்டர், நீங்க கல்யாணம் ஆகாத பொண்ணு. உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றார் பாஸ்டர், மிகவும் மென்மையாக.

ஆன்ட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அன்னிக்குப் படிச்சோமே, அந்தப் பொண்ணையும் தூதன் திரும்பிப் போன்னுதானே சொன்னான்? வேதத்திலயே அப்படித்தானே இருக்கு?"

அப்படித்தான் இருக்கிறது. என் மூன்று நிமிடமும் முடிந்திருந்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். ஐந்தரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். சாந்தியின் பையை அவன் தூக்கிக்கொண்டான். பஸ்ஸில் சாப்பிட ஆன்ட்டி புளிசாதம் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். நோட்டு மேஜை மேல் இருந்தது. கேட்காமல் திறந்தேன். சாந்தியின் நிஜப் பெயர், கம்பெனி, பி.ஜி. இருக்கும் தெரு, புருஷனின் ஊர். காரியம்: குடும்பம் ஒன்றுசேர. நான்காவது பத்தியில் சிவப்பு டிக்.

"குடும்பம் ஒண்ணு சேரணும்னு யாரு ஆன்ட்டி கேட்டது? அவ கேட்டாளா?"

"அவ வாயால கேக்கலன்னாலும், நமக்குத் தெரியாதா?"

"யாரு பிரச்சினையப் பதிவு பண்ணாங்களோ அவங்கதான் முடிஞ்சுதுன்னு சொல்லணும். நீங்களே எழுதி நீங்களே டிக் போடுறதுக்குப் பேரு என்ன?"

"உன் ஆபீஸ் பாஷையெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. நான் யாருகிட்டயும் போய் சொல்லல. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"எத்தன பேர் வழியா சொன்னீங்க?"

அவர் எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தார். "நீ கோவமா இருக்க. கோவத்துல பேசற. உனக்காக ஜெபிக்கிறேன்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்து நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க" என்றேன்.

தேதி போட்டார். என் பெயர் எழுதினார்.

"உங்க பையன் பேரு இந்த நோட்டுல எங்க ஆன்ட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

பேனா நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், எனக்கு எவ்வளவு தெரியும், யார் சொன்னது, இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற மூன்று கேள்விகளும் இருந்தன. எவரும் அறியாமல் ஒன்றைப் பொத்தி வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு முழுக்கத் தெரியும். அதை அந்த நிமிடத்தில்தான் உறுதி செய்துகொண்டேன். தெரியாமல் செய்திருந்தால் ஒருவேளை நான் மன்னித்திருப்பேன்.

"இத வெளில சொல்லிடாத கண்ணு" என்றார், மிகவும் சிறிய குரலில்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். சொல்லவும் இல்லை. இன்று அவர் மகன் எப்போதாவது போன் செய்கிறான், அந்தப் பழைய கதையை ஆன்ட்டியும் மறைப்பதில்லை என்பதால் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, காரியம் என்ற பத்தியில் "கோப ஆவியிலிருந்து விடுதலை" என்று என் பெயருக்கு நேராக எழுதி முடித்தார்.

அதன் பிறகு நான் அந்தக் குழுவுக்குப் போகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமே அறை எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. "அக்கா, நான்தான். வெளில வந்துட்டேன்." இடது மணிக்கட்டு உடைந்து சரியாகச் சேரவில்லை என்றாள். வேறு மாநிலத்தில் ஓர் ஊர். தானே வேலை தேடி, தானே இடம் தேடியிருந்தாள். "யாருக்கும் சொல்லாதீங்க அக்கா. உங்க அம்மாவுக்குக்கூட வேணாம்." சரி என்றேன்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அம்மா வற்புறுத்தியதால் பழைய சபைக்குப் போனேன். காய்கறியும் கரும்பும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் ஆன்ட்டி மைக்குக்கு முன்னால் வந்து, பிரிந்த ஒரு குடும்பத்தைக் கர்த்தர் எப்படி ஒன்றுசேர்த்தார் என்று சொன்னார். ஜெபச் சங்கிலியின் வல்லமையைச் சொன்னார். இந்த முறை பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு பெண் அல்லேலூயா என்றாள்.

நான் நான்காவது வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று, பொய், அவள் கை உடைந்து மறுபடி ஓடிவிட்டாள் என்று சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். சொன்னால் அன்று மாலை அந்த நாத்தனாருக்குப் போன் போகும். சாந்தி ஓடிப்போனது அவள் புருஷனுக்கு ஏற்கெனவே தெரியும், அவன் வீட்டில் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். என்னுடன் பேசுகிறாள் என்பதுதான் தெரியாது. அதனால் உட்கார்ந்திருந்தேன். என் கைகள் மடியில் இருந்தன. நான் கைதட்டவில்லை என்பதை அம்மா கவனித்தாள். வெளியே வந்தபோது ஆன்ட்டி வேகமாக வந்து என் கன்னத்தைத் தடவி, "எளச்சிட்ட கண்ணு. தினமும் உன் பேரச் சொல்றேன்" என்றார்.

அவர் பொல்லாதவர் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். எங்கள் சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். அந்தச் சோற்றையும் அந்த டிக்கையும் ஒரே கைதான் போட்டது. எனக்கு அது கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

இதை எழுதும் முன் சாந்தியிடம் கேட்டேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். இப்போது அவளுக்குக் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்துவிட்டது. அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டினேன். நான்கு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஓர் இடத்தில், "அயர்ன் பாக்ஸ் இருக்கட்டும் அக்கா" என்றாள்.

இப்போதைய நிலை இது. வேதபாடக் குழு ஆன்ட்டி வீட்டில் இன்னும் நடக்கிறது, என் முறையில்தான். ஐந்தாவது விதியை எழுதித் தபாலில் அனுப்பினேன், பதில் வரவில்லை. அந்தப் பக்கத்தில் சிவப்பு டிக் அப்படியே இருக்கிறது. என் பெயருக்கு நேரே நான்காவது பத்தி இன்னும் காலியாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். சாந்தி உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், தன் அறையைத் தானே உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறாள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரியாது.